செருப்பு கழன்றது தெரியவில்லை என்றீர்களே…

கேள்வி: வயது 46. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது, ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுக்கிறேன். இரண்டு வருடமாகத் தாம்பத்தியத்தில் பிரச்சினை. ஆசை இருக்கிறது, உறுப்பு ஒத்துழைக்கவில்லை. விறைத்தாலும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. காலையில் தானாக வருவதும் நின்றுபோனது. நண்பர் சொன்னதால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். முதல் தடவை ஓரளவு பலன், அடுத்த இரண்டு தடவை ஒன்றுமில்லை. சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் வந்த நரம்புத் தளர்ச்சியோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு வேறெங்கோ தொடர்பு இருப்பதாக என் மனைவி நினைக்கிறாள், இப்போது பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறாள். சர்க்கரை டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. மாதம் ஒருமுறை எங்கள் ஊர் லாட்ஜுக்கு வரும் வைத்தியரைப் பார்க்கலாமா?
பி.கு.: பாதம் மரத்துப்போகிறது. போன வாரம் ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் கடையிலிருந்து தெருமுனை வரை நடந்துவிட்டேன். இதற்கும் ஏதாவது சத்து மாத்திரை சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். ஏதோ மறந்துபோனதை ஓரத்தில் கிறுக்கியதுபோல நீங்கள் எழுதிய அந்தப் பின்குறிப்புதான் எனக்கு முதலில் வேண்டியிருந்தது. பாத மரப்பு ஒரு நோய், படுக்கையறைச் சங்கதி இன்னொரு நோய் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் இரண்டும் ஒன்றுதான். ஒரே நோய் இரண்டு இடத்தில் காட்டும் வேலை.

அதற்கு முன் உங்கள் பயத்தைக் கழித்துவிடுவோம். கைப்பழக்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பேருந்து நிலையச் சுவரிலும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலும் 'நரம்புத் தளர்ச்சி' என்று பார்த்துப் பார்த்தே நம் ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பயந்திருக்கிறார்கள். அந்தச் சுவரொட்டி சொல்லும் நோய் எந்த மருத்துவப் பாடத்திலும் இல்லை. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்பதும் வெறும் கதை. வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு நரம்பில் கோளாறு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சுவரொட்டிக்காரர் சொல்லும் காரணத்தால் அல்ல. 9 வருடச் சர்க்கரையால், அதுவும் நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இருக்கும் 9.6 என்ற எண்ணால்.

அந்த 9.6 தான் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிக் கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் கேட்பது 7க்குள். ரத்தத்தில் சர்க்கரை இப்படி ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் நரம்புக்கு இரண்டு பக்கமிருந்தும் அடி விழும். நரம்பின் உள்ளே வேதியியல் கெடுகிறது. வெளியே, நரம்புக்குச் சோறு போடும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. எந்த நரம்பு நீளமானதோ அது முதலில் தவிக்கும். உடம்பிலேயே நீளமானவை கால் விரல் வரை போகும் நரம்புகள். அதனால்தான் மரப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. சிலர் பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கிறது என்பார்கள், சிலர் எரிச்சல் என்பார்கள். செருப்பு கழன்றது தெரியவில்லை என்ற வாக்கியத்தை என் அறையில் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன்.

கால் நரம்பு வெளியே தெரிகிற நரம்பு. தொட்டால் சொல்லும், குத்தினால் சொல்லும். நம்மைக் கேட்காமல் தானாக வேலை பார்க்கும் நரம்புகளும் உண்டு. இதயத் துடிப்பு, வியர்வை, இரைப்பை அசைவு, சிறுநீர்ப்பை எல்லாம் அவற்றின் பொறுப்பு. விறைப்பும் அவற்றின் பொறுப்பில்தான் இருக்கிறது. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி ஆணுறுப்பு வரை வரும் மெல்லிய நரம்புகள், ஆசை வந்ததும் தங்கள் நுனியில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளியளவு வெளிவிடும். உறுப்புக்குள் பஞ்சு போன்ற இரண்டு உருளைகள் உண்டு. அந்த வாயு பட்டதும் அவற்றின் தசை இளகும், ரத்தம் பாய்ந்து நிரம்பும், ரத்தம் வெளியேறும் வழி நசுங்கி அடைபடும். விறைப்பு என்பது இவ்வளவுதான். வலிமையால் நடப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் தசை இளகுவதால் நடக்கிறது. இந்த வாயு உடம்பில் செய்தி சொல்லும் வேலையைப் பார்க்கிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

உங்களுக்கு ஆசை இருக்கிறது, அதாவது உத்தரவு கிளம்புகிறது. கொண்டுபோகிற கம்பி அரித்திருக்கிறது. கூடவே ரத்தக் குழாயின் உள்சுவரும் அதே வாயுவைச் சுரக்க வேண்டியது, சர்க்கரை அதையும் கெடுத்திருக்கும். நடுவில் தளர்ந்துவிடுவதற்கு இதுதான் காரணம். காலையில் தானாக வருவது நின்றுபோனது என்று நீங்கள் எழுதியதும் முக்கியமான துப்பு. மனக்கவலை மட்டுமே காரணமாக இருந்தால், தூக்கத்தில் கவலை தூங்கிவிடும், காலை விறைப்பு பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும். திடீரென ஒரு நாளில் தொடங்காமல் இரண்டு வருடமாக மெல்ல மெல்லக் குறைந்ததும் உடம்புக் காரணத்தையே காட்டுகிறது.

இது உங்களுக்கு மட்டும் வந்த அவமானம் என்று நினைக்க வேண்டாம். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்தில் 40 முதல் 70 வயதுள்ள 1,290 ஆண்களிடம் கேட்ட ஆய்வு 1994இல் வெளியானது. முழுமையான விறைப்பின்மை மொத்தத்தில் 9.6 சதவீதம், சர்க்கரைக்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம் மட்டும் 28 சதவீதம். பகுதிக் குறைபாட்டையும் சேர்த்தால் சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வந்துவிடுவார்கள். பிறகு ஏன் யாரும் பேசுவதில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் சர்க்கரை எவ்வளவு, கால் எப்படி, கண் காட்டினீர்களா என்று கேட்டு அனுப்பிவிடுவேன். எழுந்து கதவு வரை போனவர் கைப்பிடியைப் பிடித்தபடி "அப்புறம் ஒண்ணு டாக்டர்…" என்று இழுப்பார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார், அதோடு பேச்சு நின்றுவிடும். எத்தனை பேரை அப்படி அனுப்பினேனோ. இப்போது கால் பார்க்கும்போதே அதையும் கேட்டுவிடுகிறேன். கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் தானியங்கி நரம்புகள் எந்த அளவில் இருக்கின்றன என்று வீட்டிலேயே கொஞ்சம் கவனியுங்கள். படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? சாப்பிடும்போது முகமும் கழுத்தும் மட்டும் குப்பென்று வியர்க்கிறதா? பாதத்தில் வியர்வையே இல்லாமல் வறண்டு பித்தவெடிப்பு வந்திருக்கிறதா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிக் கல்லாக இருக்கிறதா? சர்க்கரை தாழும்போது முன்பெல்லாம் வந்த படபடப்பும் நடுக்கமும் இப்போது வருவதில்லையா? இதில் எது இருந்தாலும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் இருக்கும் கிளிமெபிரைடு மாத்திரை சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது. எச்சரிக்கை மணியே அடிக்காமல் தாழ்ந்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே மயங்குவீர்கள்.

இதைப் படிக்கும் இளவயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரையால் நரம்பு கெட்ட சிலருக்கு விறைப்பு சரியாக இருக்கும், உச்சம் வந்தாலும் விந்து வெளியே வராது, அது பின்னால் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். பிறகு போகும் சிறுநீர் கலங்கலாக இருந்தால் அதுதான். குழந்தை இல்லை என்று மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அலையவிடாமல் இதைச் சொல்லுங்கள். அதற்கும் வழி இருக்கிறது.

நரம்பைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது உங்கள் இதயம். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தசைக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். உள்ளே கொழுப்புப் படிவது உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் நடக்கிற காரியம். சிறிய குழாய்தான் முதலில் திணறும். அதனால் பலரிடம் விறைப்புக் குறைபாடு நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று வருடம் முன்பே வந்துவிடுகிறது. உங்களுக்குச் சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. நரம்பு மரத்தவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும், வெறும் மூச்சிரைப்பு, வியர்வை, அசதி என்று போய்விடும். ஆகவே விறைப்புக்கு மாத்திரை எழுதுவதற்கு முன் இசிஜி, கொழுப்பு அளவுகள், தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை. இரண்டு மாடி விறுவிறுவென ஏறினால் நெஞ்சை அடைக்கிறதா என்று டாக்டர் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள். தாம்பத்தியமும் இதயத்துக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு வேலைதான்.

அடுத்து அதே மருந்துச் சீட்டு. ரத்தக் கொதிப்புக்கு அட்டெனலால் எழுதியிருக்கிறது. அந்த வகை மாத்திரை விறைப்பைக் குறைக்கும் என்று ஒரு பெயர் உண்டு. எந்த அளவு உண்மை? இத்தாலியில் 96 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்து எல்லோருக்கும் அட்டெனலாலே கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்றே சொல்லப்படாத குழுவில் ஒருவருக்குப் பிரச்சினை வந்தது. மாத்திரையின் பெயர் மட்டும் தெரிந்த குழுவில் ஐந்து பேருக்கு. விறைப்பு குறையலாம் என்றும் சேர்த்துச் சொல்லப்பட்ட குழுவில் பத்துப் பேருக்கு! மனது எவ்வளவு பெரிய ஆள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது. இருந்தாலும் மாற்று மருந்துகள் நிறைய இருக்கும்போது உங்களுக்கு இதையே வைத்திருக்க அவசியமில்லை என்பது என் கருத்து. டெல்மிசார்டன், லோசார்டன் வகைகள் இந்த விஷயத்தில் தொல்லை தராதவை, சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் நீங்களாக நாளைக் காலையில் அட்டெனலாலை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் இதயம் எகிறும். டாக்டர் மெல்லக் குறைத்து மாற்றித் தருவார்.

மனதைப் பற்றிச் சொன்னேன். உங்கள் விஷயத்தில் தொடக்கம் உடம்பு, ஆனால் இரண்டு வருடத்தில் மனதும் வந்து சேர்ந்திருக்கும். ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை "இன்றைக்காவது நடக்குமா" என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் குழாயைச் சுருக்கும். பாதி கெட்ட நரம்பு, மீதியைப் பயம் கெடுக்கும்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். நீலமா, வைர வடிவமா என்று நீங்கள் எழுதவில்லை, சில்டெனாஃபில் (வயாகரா) என்றே வைத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் நெஞ்சுவலி மருந்தாகச் சோதித்துப் பார்த்தார்கள், நெஞ்சுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன பக்கவிளைவே பிறகு அதன் தொழிலாகிவிட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த மாத்திரை என்ன செய்யாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். இது ஆசையைத் தராது, தானாக எழுப்பவும் செய்யாது. தொட்டியின் அடியில் உள்ள ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான். மேலே குழாயில் தண்ணீர் வந்தால்தான் தொட்டி நிறையும். நரம்பு விடுகிற நைட்ரிக் ஆக்சைடுதான் அந்தத் தண்ணீர். நரம்பு கெட்டவர்களுக்கு வரத்து குறைவு, அதனால் சர்க்கரை உள்ளவர்களிடம் இதன் வெற்றியும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் சர்க்கரை உள்ள 268 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் 56 சதவீதம் பேர் முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். பாதிக்கு மேல் என்றால் மோசமில்லையே.

நீங்கள் மூன்று தடவையில் முடிவு கட்டிவிட்டீர்கள். அதுவும் எப்படிப் போட்டீர்கள்? கடை அடைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, அதன்மேல் மாத்திரையைப் போட்டு, பத்து நிமிடத்தில் என்ன ஆகிறது என்று கூரையைப் பார்த்துப் படுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு சில்டெனாஃபில் தாமதமாகவும் குறைவாகவும்தான் ஏறும். பிரியாணி நாளில் காசு தண்டம். காலி வயிற்றில் அல்லது லேசான சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேரம் முன்பாக எடுத்து, அப்புறம் தொடுதலும் நெருக்கமும் இருந்தால்தான் அது வேலை செய்யும். டாக்டர் சொன்ன சரியான அளவில், சரியான முறையில், ஆறு எட்டுத் தடவை பார்த்த பிறகுதான் பலிக்கவில்லை என்று சொல்லலாம். டடாலஃபில் என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குச் சாப்பாடு தடையில்லை, 36 மணி நேரம் வரை நிற்கும். தினம் ஒரு சிறு அளவாகவும் எடுக்கலாம். கடிகாரம் பார்த்துத் தாம்பத்தியம் நடத்த வேண்டாம் என்பதால் என் நோயாளிகள் பலருக்கு அதுதான் தோதாக இருக்கிறது.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிர் போகலாம். நிகோராண்டில் என்ற நெஞ்சுவலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே தடைதான். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், எந்தக் காரணத்துக்காக அவசரச் சிகிச்சைக்குப் போனாலும் முதலில் "இந்த மாத்திரை போட்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அங்கே இருப்பவர் நல்லெண்ணத்தோடு நாக்குக்கு அடியில் ஒன்றை வைத்துவிடுவார். திடீரெனக் கண் தெரியாமல் போனாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தாலோ உடனே மருத்துவமனை. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு எல்லாம் வரும், போகும்.

லாட்ஜ் வைத்தியர். வேண்டாம். ஆண்மைக்கும் சர்க்கரைக்கும் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது, அப்படியும் சுவர்கள் காலியாக இல்லை. லேகியத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. பல 'மூலிகை' மருந்துகளில் இதே சில்டெனாஃபிலை அளவில்லாமல் கலந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. அதைவிடப் பயங்கரம் 2008இல் சிங்கப்பூரில் நடந்தது. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்ந்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் ஆண்மைக்கு என்று கள்ளச்சந்தையில் விற்ற மாத்திரைகளை எடுத்தவர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே கிளிபென்கிளமைடு, அதாவது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை. நான்கு பேர் இறந்தார்கள். ஏற்கெனவே கிளிமெபிரைடு எடுக்கும் உங்கள் உடம்பில் அப்படி ஒன்று போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் எல்லாம் திரும்பிவிடுமா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், பல வருடமாகக் கெட்ட நரம்பு முழுசாகத் திரும்புவது கடினம். மேலும் கெடாமல் நிறுத்தலாம், ஓரளவு மீட்கலாம். முதல் வகைச் சர்க்கரை (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 1993இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், கறாரான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை 60 சதவீதம் குறைத்தது. உங்களைப் போன்ற இரண்டாம் வகைக்காரர்களிடம் பலன் அந்த அளவுக்கு இல்லை. அவர்களுக்கு எடை, கொழுப்பு, கொதிப்பு, பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து கணக்கில் வருகின்றன. இன்னொன்று, வேகம் வேண்டாம். கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டினி கிடந்து மூன்று மாதத்தில் 9.6ஐ 6க்கு இறக்கினால், நரம்பு சிலசமயம் முரண்டு பிடித்துக் கால் எரிச்சலாகக் கொதிக்கும், கண்ணின் விழித்திரையும் மோசமாகலாம். படிப்படியாக, டாக்டர் போட்டுத் தரும் வேகத்தில் இறக்குங்கள்.

நீங்கள் கேட்ட சத்து மாத்திரை. 9 வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறீர்கள். அது சிலருக்கு உடம்பில் பி12 சத்தைக் குறைக்கும். பி12 குறைந்தாலும் கால் மரக்கும், சைவம் சாப்பிடுபவர் என்றால் இன்னும் சந்தேகம். ஆகவே ரத்தத்தில் அதன் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும், பலனும் தெரியும். அளவு சரியாக இருந்தால் பல நிறத்தில் விற்கும் 'நரம்புச் சத்து' மாத்திரைகளால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

அதே நாளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவையும் பார்த்துவிடலாம், காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில். இரண்டாம் வகைச் சர்க்கரையுள்ள ஆண்களில் கணிசமானவர்களுக்கு அது குறைவாக இருக்கும். ஒருமுறை குறைவு என்று வந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்த பிறகே சிகிச்சை. உங்களுக்கு ஆசை குறையவில்லை என்பதால் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அளவு பார்க்காமல் 'ஆண்மை ஊசி' போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரை கடைசி வரை கைகொடுக்கவில்லை என்றால்? அப்போதும் கதவு மூடவில்லை. காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கும் குழாய்க் கருவி இருக்கிறது. பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், நரம்பே வேண்டாம் என்பதால் சர்க்கரைக்காரர்களுக்கு உதவும். மெல்லிய ஊசியால் உறுப்பிலேயே மருந்து செலுத்தும் முறையும் உண்டு, இன்சுலின் போட்டுப் பழகியவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். இந்த ஊசியை உலகத்துக்குக் காட்டிய கதை எங்கள் தொழிலில் பிரபலம். 1983இல் லாஸ் வேகஸில் சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டில், பிரிண்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தனக்கே ஊசி போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, பேசி முடித்து, கால்சட்டையை இறக்கிப் பலனைக் காட்டிவிட்டார். முன்வரிசைக்காரர்கள் மிரண்டு போனார்களாம். எதுவும் ஆகாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் செயற்கைத் தண்டு அறுவை சிகிச்சை. செலவு அதிகம், ஆனால் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாக இருக்கிறார்கள். அதற்கும் முன்பாகச் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் கிருமித்தொற்று. அதிர்வலை, பிளேட்லெட் ஊசி என்று புதிதாக விளம்பரம் வருகிறது. அவற்றுக்குப் பணம் கட்டும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

உங்கள் மனைவி. இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது அந்த வரிதான். நீங்கள் தோற்றுவிடுவோம் என்று பயந்து விலகிப் படுத்தீர்கள், அவர் அதை வெறுப்பு என்று படித்தார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். பெரிய விளக்கம் வேண்டாம். "என் கால் மரத்துப்போகிறதல்லவா, அதே மாதிரி அங்கேயும் சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறதாம். உன்மேல் ஆசையில்லாமல் இல்லை" என்று சொன்னால் போதும். சொல்ல நா எழவில்லை என்றால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அப்படியே அவருடைய சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரையால் வறட்சி, தொற்று, வலி எல்லாம் வரும். அவர்கள் பின்குறிப்பாகக்கூட எழுதுவதில்லை.

டாக்டரிடம் போகும்போது இந்தப் பக்கத்தை மடித்து மேசையில் வைத்துவிடுங்கள், வாய் திறக்க வேண்டியதில்லை. பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தியும், அதிர்வுக் கருவி வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார்கள், இரண்டும் வலிக்காது. அதுவரை வெறுங்காலோடு குடோனுக்குள் போகாதீர்கள், மத்தியானத் தார் ரோட்டிலும் நடக்காதீர்கள். கால் சுடுகிறது என்று சொல்லும் நரம்பு உங்களிடம் இப்போது இல்லை. தினமும் இரவில் கடை அடைத்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். இப்போது போட்டிருக்கும் செருப்பை மாற்றி, குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்த எம்சிஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பாக இந்த வாரமே வாங்குங்கள். சாயங்காலமாகப் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று கால் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும்.